ஆறு சக்கரத்துக்கும் காற்று

கணவரின் ரத்த அழுத்தம் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பஸ் ஓட்டுபவர். டாக்டர் சான்று தரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட அவர் கால் கிளட்சைத் தேடியது.

மாத்திரையோடு மனசும் அடங்கட்டும் என்று நாத்தனார் அவரைத் தியான வகுப்பில் சேர்த்துவிட்டாள். மருந்துக்கடை மாடியில் வகுப்பு. முதல் நாள் திரும்பி வந்தவர், முதுகுத்தண்டில் அடியிலிருந்து புருவமத்தி வரை சக்தி தங்கும் இடங்கள் இருப்பதாகவும், அவற்றுக்குச் சக்கரம் என்றும் ஆதாரம் என்றும் பெயர் என்றும் சொன்னார்.

அவர் மனைவியோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நுண்ணோக்கியில் தெரியாததை அவ்வளவு சுலபத்தில் நம்பமாட்டாள்.

"இதுக்கெல்லாம் ஏதாவது ஆதாரம் இருக்காங்க?"

"அதைத்தானே சொல்றேன். ஆறு இருக்கு."

கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது.

ஆனால் அவருக்கு உட்கார வரவில்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் தாமரையாக நினைக்கச் சொன்னார் வகுப்பு டீச்சர். கண்ணை மூடினால் தாமரைக்குப் பதில் குறுக்கே ஸ்கூட்டர்கள் வந்தன. வலது கால் பாயிலேயே பிரேக் போட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்களாம்.

ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"தாமரை வரமாட்டேங்குது, டயர் வருது. என் வண்டிக்கும் ஆறு சக்கரம்தானே? மூலாதாரத்துல பின்டயர். மூச்சை இழுத்தா காத்து ஏறுது. ஒண்ணொண்ணா தட்டிப் பார்த்துட்டே முன்னாடி வந்துடறேன்."

உச்சந்தலையில் இருக்கும் ஆயிரம் இதழ்த் தாமரையை என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அது ஸ்டெப்னி என்றிருக்கிறார் இவர். அன்று வகுப்பில் அதற்குமேல் யாராலும் தியானம் செய்ய முடியவில்லையாம்.

சான்றுக்குப் போன காலையில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு கிளம்பினார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றியதும் எண் எகிறியது. கூடப் போயிருந்த அவள் எண்ணை எட்டிப் பார்த்தாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க டாக்டர்" என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் எங்கே போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கம், இடது ஓரம். இப்போது குனிகிறார். இப்போது அடுத்ததைத் தட்டுகிறார். தன்னையறியாமல் அவளும் கூடவே வண்டியைச் சுற்றினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபோது, முன்டயர் பாக்கி இருக்கிறதே, பொறுங்கள் என்று சொல்ல நா துடித்தது.

அவர் கண்ணைத் திறந்தார். டாக்டர் மறுபடி அளந்தார். நம்பாமல் இன்னொரு கையிலும் அளந்தார். இறங்கியிருந்தது. மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அப்படி என்னதான் பண்ணீங்க?"

"ஆறு சக்கரத்துக்கும் காத்து பார்த்தேன் டாக்டர்."

டாக்டர் விளங்காமல் அவளைப் பார்த்தார். வெளியாட்களிடம் வாயே திறக்காதவள் அவள்.

"ஸ்டெப்னியும் நல்லா இருக்கு டாக்டர்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கால் ஆடாமல் அசையாமல் இருந்தது. திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது.

பிரேக் போட்டது அவள் கால்.