பத்தொன்பதாம் எண்ணுக்கு எதிரே

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மேசை டிராயரிலிருந்து கிடைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் தரை மாற்றும் வேலை. பெஞ்சு, மேசை, அலமாரி எல்லாவற்றையும் வராந்தாவுக்குத் தூக்கி வைக்கச் சுமைதூக்கிகள் நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். மூன்றாம் வகுப்பு டீச்சரின் மேசையைச் சாய்த்ததும் டிராயர் நாக்கை நீட்டியது. ஒரு தாள் விழுந்தது. மேலே 'புதிதாக வரும் ஆசிரியருக்கு' என்று இருந்தது. கீழே ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி. பத்தொன்பதுக்கு எதிரே மட்டும் எழுதிவிட்டு அடித்திருந்தது:

'இவளை முதல் ஆளாக வாசிக்கச் சொல்லாதீர்கள், ஏனென்றால்'

ஏனென்றாலுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். மற்ற மூன்று பேரும் முதுகுவலியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மட்டும் அந்த ஏனென்றால் டீக்கடை வரைக்கும் கூடவே வந்தது. காரணம் எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயது வரைக்கும், யார் எந்தத் தாளை நீட்டினாலும், "கண்ணாடிய வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேங்க" என்று சொன்னவன் நான். கண்ணாடி என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை.

ஆக, உண்மை இத்தோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்:

'எட்டு மாத வயிற்றோடு டீச்சர் ஸ்டூல் மேல் ஏறி, அலமாரியின் உச்சித் தட்டில் சீட்டு ஒட்டிக்கொண்'

இதற்கு மேல் வாசிக்க என் மனைவி விடவில்லை.

"நிறுத்துங்க. எட்டு மாசம் ஆனவள ஸ்டூல் மேல ஏத்திவிட்டுட்டு, நீங்க கீழ நின்னு வேடிக்கை பாக்குறீங்களா?"

"கதைதானே."

"கதைன்னா வயிறு கனக்காதா? முதல்ல இறக்குங்க."

(இறக்கிவிட்டேன். மூட்டை இறக்கிய கைக்கு இது பெரிய வேலையில்லை.)

இரண்டாவது தொடக்கம்: 'தாய்மை என்பது'. இதை நானே அடித்தேன். அதைப் பற்றி எழுத ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

மூன்றாவது தொடக்கத்தில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டூல் மேல் நிற்பது பக்கத்து வகுப்பு டீச்சர்.

"புள்ள பெறப்போறது நீ. ஏறி இறங்குறது நானா?"

"அந்தத் தட்டுல 'வரைபடம்'னு ஒட்டுங்கக்கா. கோணலா இருக்கு பாருங்க."

"நாலு மாசத்துக்கு வர்ற ஆளுக்கு இவ்வளவு சீரா? நான் லீவு போனப்ப சாவிய மட்டும் குடுத்துட்டுப் போனேன்."

"அதான் திரும்பி வந்து பாத்தா பாதிப் பேருக்கு வாய்ப்பாடு மறந்திருந்தது. மீதிப் பேருக்கு விசிலடிக்க வந்திருந்தது."

"வாய் மட்டும் குறையல உனக்கு," என்று சொல்லிக்கொண்டே அக்கா சீட்டைத் தட்டி ஒட்டினார்.

இது ஓடும் போலிருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

டீச்சர் ஒரு ஃபைல் தயார் செய்தார். கடைசி சுவிட்சைப் போட்டால் முதல் ஃபேன் ஓடும். அலமாரிக் கதவைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். நாலாம் எண்காரன் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றால் போகவிடலாம், ஏழாம் எண்காரியையும் கூடவே விட்டால் இருவரும் மதியம்தான் வருவார்கள். பன்னிரண்டு அழுவான், பார்க்காத மாதிரி இருந்தால் நிறுத்திவிடுவான். இப்படி எல்லாம் மளமளவென்று வந்தது, பத்தொன்பது வரைக்கும்.

பத்தொன்பதாம் எண் ஒரு பெண். வகுப்பில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். ஒருமுறை காதில் விழுந்தால் போதும், பாடம் முழுவதையும் ஒரு சொல் சிந்தாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டு சொல்வதால் வாசிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டீச்சரும் நினைத்தார். அவள் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் கீழ்ப்பாதி கிழிந்துபோயிருந்தது. ஒருநாள் ரேடியோ கிழிந்துபோன பாதியையும் சேர்த்து வாசித்துவிட்டாள்.

(பெருமைக்குச் சொல்லவில்லை, இந்த இடத்தை எழுத எனக்குக் கற்பனையே தேவைப்படவில்லை. பஸ் வந்தால் போர்டைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் "இதுதானே?" என்று கேட்பேன். தெரிந்தவன் சரிபார்க்கிற மாதிரி ஒரு 'தானே'. அந்தத் 'தானே'யிலேயே இருபது வருஷம் ஓட்டினேன்.)

அன்றைக்கு டீச்சர் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு ரேடியோவே வந்து மேசையோரம் நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்கல்ல?"

"ம்."

"யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். ரெண்டாம் வகுப்புல போட்டுருவாங்க. அங்க என் தம்பி இருக்கான்."

"அதனால என்ன?"

"அவன் முன் பெஞ்சு!"

டீச்சர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார்.

அப்பாவும் அம்மாவும் கட்டட வேலை. கட்டடம் எங்கேயோ வீடும் அங்கே. இரண்டு வருஷத்தில் நாலு பள்ளிக்கூடம். ஒன்றில் எழுத்து தொடங்குவதற்குள் கிளம்பினார்கள். அடுத்ததில் போய்ச் சேர்ந்தபோது எழுத்து முடிந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் மணி அடித்ததும் பத்து நிமிஷம் கரும்பலகை துடைப்பது ரேடியோவின் வேலை. டீச்சர் வைத்த விதி ஒன்றே ஒன்று: சொன்னால்தான் துடைக்கலாம். 'ம' என்று சொன்னால் 'ம'வைத் துடைக்கலாம். சொல்லாத எழுத்து பலகையிலேயே நிற்கும். முதல் வாரம் பலகை முழுக்க நின்றது. இப்போது நிற்பதெல்லாம் கொம்பு போட்ட எழுத்துகள்தான். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. இந்த அநியாயத்தை யார் செய்தது என்று நானும் ரொம்ப நாள் தேடினேன்.

வகுப்பில் வாசிக்கச் சொல்லும்போதும் டீச்சர் கதவுப் பக்கத்திலிருந்து தொடங்குவார். ஜன்னலோரம் உட்கார்ந்த ரேடியோவின் முறை வருவதற்குள் பாடம் நாலு தடவை காதில் விழுந்திருக்கும். இன்னும் நாலு மாதம் கிடைத்தால் கொம்பையும் தாண்டிவிடுவாள். ஆனால் அந்த நாலு மாதத்தைத்தான் டீச்சர் வயிற்றுக்குள் இருப்பவர் கேட்கிறார்.

4

புதிதாக வரும் சாரை முதலில் முறுக்கு மீசையும் பிரம்புமாக எழுதினேன். கதை சட்டென்று சுலபமாகிவிட்டது. சுலபமாகத் தூக்க வருகிற மூட்டையில் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். பிரித்துப் பார்த்து மீசையை எடுத்தேன், பிரம்பையும் எடுத்தேன். நல்ல பையனாக ஆகிவிட்டார். முதல் வேலை. சட்டையில் மடிப்பு கலையவில்லை. ஃபேன் சுவிட்சைக்கூட நோட்டில் குறித்துக்கொண்டார்.

"முதல் நாள் என்ன செய்யப்போறீங்க தம்பி?" டீச்சர் கேட்டார்.

"எல்லாரையும் ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்லப்போறேன் மேடம். புதுப் பாடம். குரலக் கேட்டா முகம் மனசுல நிக்கும்ல?"

"எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிப்பீங்க?"

"ஜன்னல்லேருந்து. வெளிச்சம் அங்கதானே இருக்கு!"

அவர் சிரித்தார். டீச்சருக்கு வயிற்றில் ஓர் உதை விழுந்தது. (உள்ளே இருப்பவரும் கதை கேட்கிறார்.)

"கதவுப் பக்கத்துலேருந்து ஆரம்பிங்களேன்."

"ஏன் மேடம்?"

ஏன் என்று கேட்கிற நல்லவனைவிட ஆபத்தானவன் யாருமில்லை.

"சும்மாதான்," என்றார் டீச்சர். சார் 'சும்மா' என்பதை மட்டும் நோட்டில் குறிக்கவில்லை.

5

முடிவுகள்.

(அ) டீச்சர் எழுதிவிடுகிறார். ஃபைல் தலைமை ஆசிரியரான பெரிய சாரின் கையெழுத்துக்குப் போகும். அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு வரியாக வாசிக்கிறவர். வாசித்தால் விதி என்னவோ அதைச் செய்வார். மறுநாள் ரேடியோ தம்பிக்குப் பின் பெஞ்சில் இருப்பாள்.

(ஆ) டீச்சர் எழுதவில்லை. திங்கட்கிழமை காலை. ஜன்னலில் நல்ல வெளிச்சம். யாரும் இதுவரை வாசிக்காத புதுப் பாடம். "எங்க, நீ ஆரம்பிம்மா," என்றார் சார். ரேடியோ எழுந்தாள். புத்தகத்தை விரித்தாள். முப்பது தலைகளும் அவள் பக்கம்

மன்னிக்கவும். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நான் அங்கே நின்றிருக்கிறேன்.

இரண்டையும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சரு யோசிக்கிறாங்க, நீங்க யோசிக்கிறீங்க, பெரிய சாரும் யோசிப்பாரு. அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எட்டு வயசுப் பொண்ணு. அதுகிட்ட என்னத்தக் கேக்குறது?"

"உங்ககிட்ட யாராவது கேட்டிருந்தா, அந்த இல்லாத கண்ணாடிய இத்தன வருஷம் தேடியிருக்க மாட்டீங்க."

மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் (அ)வையும் (ஆ)வையும் அடித்துவிட்டுப் புதுப் பக்கம் எடுத்தேன்.

6

(இ) லீவுக்கு முந்தின நாள். மணி அடித்தாயிற்று. பலகையில் நாலு எழுத்து மிச்சம். அதில் இரண்டைச் சொல்லித் துடைத்துவிட்டு, ரேடியோ கையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைப் பாவாடையில் தட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"எனக்கு நேரா என்ன எழுதிருக்கீங்க?"

டீச்சர் ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். டிராயரில் போட்டது கிறுக்கல். இது திருத்தி எழுதிய நல்ல பிரதி. முப்பது வரிகள் நிரம்பியிருந்தன. பத்தொன்பதுக்கு எதிரே வெறுமையாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையே!"

"எழுதினா சத்தியம் போச்சு. எழுதலன்னா நீ மாட்டிக்குவ. ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கம் இல்ல."

"பாப்பா உதைக்குதா?"

"நீதான் உதைக்கிற." டீச்சர் பேனாவை நீட்டினார். "உன் வரி. நீயே எழுது."

ரேடியோ பேனாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"பெரிய சாரும் படிப்பாரா?"

"படிப்பார்."

"என்ன வேணா எழுதலாமா?"

"என்ன வேணா."

"கொம்பு தப்பா வந்தா?"

"வரட்டும். யாருக்கு வரல?"

"பென்சில் குடுங்க," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். பேனாவே குடுங்க."

எழுதினாள். நாக்கு வெளியே வந்தது. இரண்டு இடத்தில் நின்று, பலகையில் மிச்சமிருந்த எழுத்துகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மூன்று சொல். எழுதிவிட்டு, சொல்லாமலே பாக்கி இரண்டு எழுத்தையும் துடைக்கப் போனாள்.

"ஏய், விதி!"

திரும்பாமலே இரண்டையும் சத்தமாகச் சொன்னாள். துடைத்தாள். பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

7

என்ன எழுதினாள் என்றுதானே கேட்கிறீர்கள்? உண்மையைச் சொன்னாளா, சாமர்த்தியமாக எதையாவது சொன்னாளா, பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனாளா? பெரிய சார் அதை வாசித்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்தாரா, மூடினாரா? திங்கட்கிழமை சார் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினார்?

ஃபைலை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். பத்தொன்பதாவது வரி. கொம்பு கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை முதல் ஆளாக வாசிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் ஆரம்பியுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, அடுத்ததாக வாசிக்கிறேன்.