குறைக்காத ஊசி

அருமைநாதனைச் சவக்காலைக் குழியில் இறக்கியபோது அழாமல் நின்றது அவருடைய மகன் டெனிஸ்டன் மட்டும்தான். அடக்கிக்கொண்டு நிற்கவில்லை, அழுகையே வரவில்லை. பெட்டியைப் பார்த்தான். மண்ணைப் பார்த்தான். ஜெபம் சொன்ன சுவாமியாரின் வாயிலிருந்து குளிரில் கிளம்பிய ஆவியைப் பார்த்தான்.

திரும்பும் வழியில், காரை ஓட்டியபடி அக்கா செலீன் கேட்டாள்.

“ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரேல்லையேடா உனக்கு?”

“வரேல்லை அக்கா.”

“உன்னைத் தேடித் தேடியே ஏலாமப் போன மனுசனடா அவர்.”

உண்மைதான். துறைமுகத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கின. அவற்றை அடக்கக் குடித்தான்; பிறகு கையில் கிடைத்த போதைத் தூளையெல்லாம் இழுத்தான். வேலை போனது, வீடும் போனது. மெட்ரோ வாசல்களில் கிடந்தவனை ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா தேடி வருவார். கண்டால் பக்கத்தில் குந்தியிருப்பார். காணாவிட்டால் அடுத்த ஸ்டேஷனுக்குப் போவார். கடைசியில் ஒரு சிகிச்சைத் திட்டம் அவனை ஏற்று, ஓர் அறை கொடுத்து, மாதாமாதம் ஊசி போட ஆள் அனுப்பியது. குரல்கள் ஓய்ந்தன. மற்றதெல்லாமும் ஓய்ந்துவிட்டது.

அந்த மாதம் ஊசியோடு வந்த நேர்ஸ் மரீ-ஈவிடம் அழுகை வராததைச் சொன்னான். இந்த மருந்து சிலருக்கு மனதை மரக்கவைக்கும், டொக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றாள் அவள்.

முன்னொரு தடவை, அப்பாவின் பிறந்தநாளில் சிரிப்பு வரவில்லை என்று ஊசியைத் தானே நிறுத்தியவன் அவன். சிரித்தான்தான். குரல்களும் திரும்பி வந்தன. பனி கொட்டத் தொடங்கியபோது மறுபடி தெருவில் கிடந்தான்.

“குறைக்க வேண்டாம்” என்று மரீ-ஈவிடம் சொல்லிச் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

செலீனிடம் போனில் சொன்னான். “அழுறதுக்காகத் திரும்பத் தெருவுக்குப் போக என்னால ஏலாது அக்கா.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, கறுப்புச் சேலையுடன் அவனுடைய அறைக்கு வந்தாள். அதுதான் முதல் தடவை. கட்டிலை, துடைத்த அடுப்பை, சுவரில் அப்பாவின் படத்தைப் பார்த்தாள். கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டெனிஸ்டன் அடுப்பில் கேத்தலை வைத்தான். அவள் அழுகை ஓயும்வரை பக்கத்திலேயே நின்றான். தனக்கும் ஏதாவது வருமா என்று பார்த்தான். வரவில்லை.

“பால் இல்லை அக்கா. வெறும் தேத்தண்ணிதான்.”

“தா” என்றாள் அவள்.