சிலுவையம்மாளுக்கு முன்னால் வந்தவள்

காசிமேட்டில் மீன் விற்கும் சிலுவையம்மாள் ஓட்டுப் போடப் போனபோது, அவள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. வேறு யாரோ அவள் பேரில் போட்டுவிட்டார்கள் என்றால் அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு நடந்த சங்கதி அது. ஆனால் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துச் சாவடியின் பதிவேட்டில், வரிசை எண் 614-க்கு நேராக, காலை ஏழே காலுக்கு விழுந்திருந்த பெருவிரல் ரேகை அவளுடையதேதான். வஞ்சிரம் வெட்டும்போது கத்தி இறங்கிய தழும்பு அதன் நடுவே சாய்வாக ஓடியது. சாவடி அதிகாரி திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவளை இன்னொரு தாளில் ரேகை வைக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீங்க காலையிலயே போட்டுட்டுப் போயிட்டீங்களேம்மா. இதே புடவை. நான்தான் சீட்டு வாங்கிப் பார்த்தேன்" என்றார். அப்புறம் விதிப் புத்தகத்தைப் புரட்டி, பேரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்துவிட்டவர்களுக்கென்று இருக்கும் டெண்டர் ஓட்டுச் சீட்டு ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். அவள் முத்திரை குத்தியதும் உறையில் போட்டு ஒட்டினார். அந்த ஓட்டு எண்ணப்படுமா என்று அவள் கேட்டாள். எண்ணமாட்டார்கள், பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று அவர் சொன்னார்.

அந்த ஓட்டுக்காக அவள் மாதக்கணக்காகக் காத்திருந்தாள். முந்தின மழைக்காலத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி முகத்துவாரத்தில் கறுப்பாக மிதந்தபோது, மூன்று மாதம் யாரும் மீன் வாங்கவில்லை. நிவாரணப் பட்டியல் வந்தது. படகுக்காரர்கள் பேர் இருந்தது, வலைக்காரர்கள் பேர் இருந்தது, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் பெண்கள் பேர் ஒன்றுகூட இல்லை. கேட்கப் போன நூறு பெண்களைப் பார்த்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒலிபெருக்கியில், நீங்கள் மீன் பிடிக்கிறவர்கள் இல்லையே, விற்கிறவர்கள்தானே என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிலுவையம்மாள் ஏப்ரலில் தேர்தல் வரட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் எந்தக் கட்சி என்று எழுத வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் ஆள் மாறாட்டம் செய்யாத கட்சி இருந்தால் அதன் பேரைத்தான் எழுத வேண்டும், அப்படி ஒன்று இதுவரை கிடைக்கவில்லை.

அவள் புருஷன் ஹென்றி துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவன். இருமல் வந்து வேலையை விட்ட பிறகு அந்த உறுப்பினருக்குப் பூத் ஏஜெண்டாக இருந்தான். நல்ல ஏஜெண்ட் என்று பேர் வாங்கியவன். யார் வெளியூர் போயிருக்கிறார்கள், யார் சாகக் கிடக்கிறார்கள், யார் வேலை முடிந்து தாமதமாக வருவார்கள் என்பதெல்லாம் வாக்காளர் பட்டியலைப் பார்க்காமலே சொல்வான். அந்தப் பேர்களுக்கு நேராகச் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு போடுவதுதான் அவன் வேலை. மீதியை மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு வேன்களில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்த ஏப்ரலில் வேன்கள் வரவில்லை. மணலியில் ஒரு டேங்கர் லாரி குறுக்கே கவிழ்ந்து, காலை நாலு மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு வண்டியும் நகரவில்லை. வேனில் வந்தவர்கள் அங்கேயே இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆனாலும் ஹென்றி கோடு போட்ட 211 பேரின் ஓட்டும் ஏழிலிருந்து பத்து மணிக்குள் அவரவர் முகத்தோடும் அவரவர் ரேகையோடும் விழுந்து முடிந்திருந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் அந்த வேலை தன்னைத்தானே செய்துகொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் யாரும் சொல்லவில்லை.

ஓட்டுப் போட்ட அன்று சாயங்காலம் ஹென்றியின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பட்டியல் இருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது, தன் படம் தெரியும். படத்துக்கு நேராகச் சிவப்புக் கோடு இருந்தது. அவள் அதை அவன் முன்னால் விரித்து வைத்தாள்.

"இன்னா சிலுவ இது, ஒரே ஒரு ஓட்டு" என்றான் ஹென்றி. "நீ எப்டியும் மீன வித்துட்டு லேட்டாத்தான் வருவ. வந்தாலும் எவனுக்குக் குத்துவன்னு எனக்குத் தெரியாதா?"

"அந்த ஒண்ணுதான்யா என் கைல இருந்துச்சு" என்றாள் சிலுவையம்மாள். அதற்கப்புறம் அவள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

அந்த உறுப்பினர் 189 ஓட்டு வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தார். தோற்றவர் முறைகேடு என்று வழக்குப் போட்டார். தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு நாள் வந்து தெருவைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் 211 பேருக்கும் விஷயம் அந்த ஓட்டோடு முடியவில்லை. அந்த மாதத்திலிருந்தே, அவர்கள் செய்யப் போகிற காரியம் அவர்களுக்கு முன்னாலேயே செய்து முடிக்கப்பட்டிருந்தது. எல்லாக் காரியமும் அல்ல. ஒரு நாளைக்கு மூன்று, ஒரு நாளைக்கு ஒன்றுமில்லை. வலைக்கயிறும் மிதவையும் விற்கும் சௌக்கத் அலி பாய் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால், அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டதாக அவர் மனைவி ஷரீஃபுன்னிசா சொல்வாள். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். குழம்பில் அவர் பங்கு மீன் குறைந்திருக்கும். பசி மட்டும் அப்படியே இருக்கும். அவர் இதைப் பற்றி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனார். அதே மனு, அதே கையெழுத்தில், முந்தின வாரமே பெறப்பட்டு நிராகரிக்கப்பட்டிருந்தது. குமாஸ்தா அவருக்கு நகல் எடுத்துக் கொடுத்தார்.

சிலுவையம்மாள் விடியற்காலை ஏலத்துக்குப் போனால், "இப்பதான ரெண்டு கூட காரப்பொடி மீனு எடுத்துகினு போன" என்று ஏலம் விடும் துரை சொல்வான். அவள் விற்கிற தெருவுக்கு ஓடுவாள். விற்று முடிந்திருக்கும். காசு அவள் சுருக்குப்பையிலேயே இருக்கும், குறை சொல்ல முடியாது. உழைக்காமல் வருகிறதே, இதற்கு ஏன் பேஜாராகிறாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டால், கூண்டுக்குள்ளிருந்து சாமியார் "காலையில சொன்னதுக்கு மேல ஏதாவது செஞ்சியாம்மா?" என்று கேட்பார். தங்கை செத்தபோது எண்ணூருக்கு அலறி அடித்துக்கொண்டு போனாள். அவள் வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனதாகச் சொல்லிப் பெண்கள் அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் கண்ணில் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். கொடுமை என்னவென்றால், வந்துபோனவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. மரியாதையாக, எல்லாருக்கும் பிடித்த மாதிரி செய்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வருஷம் ஹென்றியின் நுரையீரலில் பழைய நிலக்கரி கெட்டியாகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் நாள் குறித்துவிட்டார். திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்த மகள் மெர்லின் தினமும் வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "சாவுற மனுசன்மா. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடேன்." பங்குச் சாமியாரும் சொன்னார். உறுப்பினரின் ஆட்கள்கூட வந்து சொன்னார்கள். சிலுவையம்மாள் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள், மாட்டேன். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். மீன் விற்பதை எடுத்துக்கொண்டாயிற்று, அழுகையை எடுத்துக்கொண்டாயிற்று, ஜெபத்தையும் எடுத்துக்கொண்டாயிற்று. மன்னிக்க மாட்டேன் என்பதை மட்டும் அவள் தன் வாயிலேயே வைத்திருந்தாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அதையும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் அவனை அனுப்பக்கூடாது என்று தோன்றியது. தலை வாரிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பஸ் ஏறினாள். வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஹென்றி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"நேத்தே வந்து எல்லாம் பேசிட்ட. மறுபடியும் எதுக்கு பஸ்ஸு புட்சிகினு வந்த?"

"நான் வர்ல" என்றாள்.

"தோ, இந்தக் கையப் புட்சிகினுதான அய்த. போனது போவட்டும்யா, உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல, நீ நிம்மதியா போன்னு சொன்ன. மெர்லினு பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சு."

வார்டு வாசலில் பார்வையாளர் நோட்டு ஒன்று தொங்கியது. சிலுவையம்மாள் போய்ப் பார்த்தாள். ஒரு பக்கம் பின்னால் புரட்டியதும், முந்தின நாள் பக்கத்தில் தழும்போடு அவள் ரேகை இருந்தது. திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனிடம் முழுசாகப் பேசியது அதுதான்.

"அது நான் இல்லயா. நான் உன்ன மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். அத சொல்றதுக்குத்தான் வந்தேன்."

ஹென்றி ஒன்றும் தெரியாதவன் இல்லை. வந்துவிட்டுப் போனது யார் என்பது அந்த வார்டில் அவனுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். இருபது வருஷம் சாவடி வாசலில் நின்று, ஏமாந்து திரும்பியவர்களுக்குச் சமாதானம் சொன்னவன் அவன். அதே பொறுமையோடு அவளுக்கும் சொன்னான்.

"யாரு சொன்னா இன்னா சிலுவ. வியுந்துச்சில்ல, அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த நாள் பத்து மணிக்கு, வலி இல்லாமல், தூங்குகிற மாதிரி செத்துப்போனான். இதை எழுதும்போதும் ஆத்திரமாக இருக்கிறது. கள்ள மன்னிப்பு என்று தெரிந்தே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அவ்வளவு நிம்மதியாகச் சாக முடிந்திருக்கிறது.

ராயபுரத்துக் கோயிலில் பூசை நடந்தது. மனைவியின் மன்னிப்பைப் பெற்று நன்மரணம் அடைந்த சகோதரர் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். சிலுவையம்மாள் எழுந்து, "நான் மன்னிக்கல சாமி" என்றாள். பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்று மெர்லின் அவளை உட்கார வைத்தாள். "அம்மா, நானே பார்த்தேன்மா. அப்பா கைய புட்சிகினு எவ்ளோ அழகா பேசுன தெரியுமா" என்று காதில் சொன்னாள். உறுப்பினர் மாலையோடு வந்தார். பெட்டியின் மேல் கட்சிக் கொடியை விரித்துவிட்டு, அவளைப் பார்த்துக் கை கூப்பி, உங்களை மாதிரி தாய்மார்கள் போட்ட ஓட்டில்தான் நான் ஜெயித்தேன் என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

வழக்கு நாலரை வருஷம் நடந்து, அவருடைய பதவிக்காலம் முடியப் போவதால் இனி விசாரிப்பதில் பயனில்லை என்று தள்ளுபடியானது. டெண்டர் ஓட்டு உறைகளை யாரும் பிரிக்கவில்லை. சௌக்கத் பாய் இப்போது கடையிலேயே இரண்டு பன் வாங்கி வைத்துக்கொண்டு, பசி எடுப்பதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறார். மற்றவர்களும் அவரவருக்குத் தெரிந்த வழியில் பழகிவிட்டார்கள். வீட்டில் ஒரு ஆள் முன்னாடியே போய்வருவதைப் பற்றி இந்தத் தெருக்களில் யாரும் இப்போது பெரிதாகப் பேசுவதில்லை. கரண்ட் போவதைப் பேசுகிற அளவுக்குக்கூட இல்லை.

வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, சிலுவையம்மாள் மீன் வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு காசிமேட்டுக் கல்லறைக்குப் போகிறாள். கூட்டத்தில் வழி பண்ணிக்கொண்டு அவள் போய்ச் சேரும்போது ஹென்றியின் கல்லறை கழுவித் துடைத்து, சாமந்தி தூவி, தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும். "இப்பதான கொளுத்திட்டுப் போன, இன்னாத்த மறந்துட்ட?" என்று பக்கத்துக் கல்லறைக்கு வந்திருக்கும் லூர்து கேட்பார். அவள் குனிந்து, எச்சில் தொட்ட இரண்டு விரலால் திரியைக் கிள்ளி அணைக்கிறாள். முதல் வருஷம் மெர்லின் அழுதுகொண்டே மறுபடி ஏற்றினாள், அவள் மறுபடி அணைத்தாள். அதற்கப்புறம் மெர்லின் ஏற்றுவதில்லை. புகை அடங்குகிற வரைக்கும் சிலுவையம்மாள் அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் புறப்படுகிறாள். அதை மட்டும் இதுவரை அவளுக்கு முன்னால் வந்து யாரும் செய்துவிட்டுப் போனதில்லை.