தபால் பையின் சாவி

அமலதாஸைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதை ஒளிப்பானேன்? மலாயாவில் பத்து பாகாட் டவுனுக்கு எட்டு மைல் தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, பதினேழு வருஷ சர்வீஸ். அவன் சின்னக் கிராணி, நேற்று முளைத்த காளான். நான் யாழ்ப்பாணத்தில் பிரம்படி வாங்கி இங்கிலீஷ் படித்தவன். அவனோ இங்கேயே பால்மரம் வெட்டுகிறவரின் மகன், பாதிரியார் பள்ளிக்கூடத்துப் படிப்பு. ஆனாலும் துரையின் சிவப்புப் பென்சில் என் கடிதங்களில்தான் மேயும். அவன் எழுதியதில் ஒரு கீறல் விழாது.

ஒரு நாள், ரப்பர் ஷீட் திங்கட்கிழமை போகும் என்பதற்கு 'வில் கோ' என்று எழுதியிருந்தேன். துரை அதைச் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அமலதாஸ் எட்டிப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. 'ஐ வில் கோ'ன்னா இப்பத்தான் முடிவு பண்றோம், இல்லாட்டி வாக்குக் கொடுக்கிறோம். 'கோயிங் டு'ன்னா முன்னாடியே மனசுல நினைச்சு வச்சது. வானம் கறுத்திருந்தாலும் 'கோயிங் டு ரெயின்'தான், அறிகுறி கண்ணு முன்னால தெரியுதில்ல. லோரிக்குச் சொல்லி, நாளும் குறிச்சாச்சுன்னா 'ஆர் கோயிங் ஆன் மண்டே'. அவ்வளவுதான் லா."

நாளைய காரியத்தைச் சொல்ல வெள்ளைக்காரனுக்கு இத்தனை வழி! தமிழில் 'போறேன்' என்றால் போதும், போய்ச் சேர்ந்துவிடலாம். வீட்டுக்கு வந்து என் மனைவி செல்லப்பாக்கியத்திடம் பொரிந்து தள்ளினேன்.

"அந்தப் பிள்ளை சொன்னது சரிதானே? பிறகு ஏனப்பா எரிஞ்சு விழுறியள்?" என்றாள்.

அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தோட்டத்திலிருந்து யார் கடிதம் எழுதினாலும் கித்தான் பையில் போட்டுப் பூட்டி, நாலு மணி பஸ்ஸில் டவுனுக்கு அனுப்புவோம். பையின் சாவி என்னிடம்தான் இருக்கும். மார்ச் மாதம் அமலதாஸ் ஒரு உறையோடு வந்தான். சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி வேலைக்கு எழுதியிருந்தான்.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள், ஐயா. உங்க கையால போட்டா ராசியா இருக்கும்."

நேற்றுப் பையன் சிங்கப்பூரில் டை கட்டிக்கொண்டு உட்காருவான், நான் இங்கே கொசுக்கடியில் சுழித்த கடிதத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன். உறையை வாங்கினேன். "ஐ வில் போஸ்ட் இட்," என்றேன்.

"சரியா சொன்னீங்க ஐயா, வாக்குக் கொடுத்திட்டீங்க," என்று சிரித்தான். எனக்கே பாராட்டு!

அவன் போனதும் உறையை மேசை இழுப்பறையில் கூலிகளின் பேர் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களுக்கு அடியில் தள்ளினேன். அதன் பிறகு பஸ் வந்து பை இறங்கும்போதெல்லாம், பதில் வந்திருக்கிறதா என்று அவன் கழுத்தை நீட்டிப் பார்ப்பான். உள்ளதைச் சொல்கிறேன், என் வயிறு குளிர்ந்தது.

ஜூன் மாதத்துக்குள் ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போய்விட்டது. துரை எங்கள் இருவரையும் அழைத்தார். இனி ஆபீசுக்கு ஒரு கிராணிதான் என்றார்.

"வேறு இடத்தில் யாராவது வேலைக்கு எழுதியிருக்கிறீர்களா? ஒருவர் தானாகப் போனால் மற்றவரை வைத்துக்கொள்வேன்."

"சிங்கப்பூருக்கு எழுதினேன் சார். பதிலே வரல," என்றான் அமலதாஸ்.

துரை என் பக்கம் திரும்பினார். கடிதம் எழுத அமலதாஸ் தேவை என்றார். பிறகு, "யூ ஆர் லீவிங் ஆன் தி தேர்ட்டியத்," என்றார். 'வில்'லும் இல்லை, 'கோயிங் டு'வும் இல்லை. கொழும்புக் கப்பலின் டிக்கெட் அவர் மேசைமேல் இருந்தது.

முப்பதாம் தேதி அமலதாஸிடம் சாவியைக் கொடுத்தேன். அவன் அதை வாங்காமல் அழுதான்.

"எனக்கு அந்த வேலை கிடைச்சிருந்தா நீங்க இங்கேயே இருந்திருப்பீங்க ஐயா."

இழுப்பறையிலிருந்து காலையில் எடுத்த உறை என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு பேரின் பிழைப்பும் அதற்குள் கிடந்தது. கையை உள்ளே விட்டேன். உறை விரலில் பட்டது. அப்போதும் எனக்கு மனம் வரவில்லை. பெரிய கிராணி நாற்காலியில் உட்காரப்போகிறவனிடம் நான் திருடனாக நிற்பதா?

"ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவீங்களா?" என்று கேட்டான்.

"ஐ வில்," என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினான். இந்த முறையும் அவன் நம்பினான்.