பெரியவரின் கோட்டு

"கையெழுத்தப் போடேன்டி, டீ ஆறிப் போகுது," என்றாள் மாமியார் ரைஹான்.

மைரா பேனாவைத் தொடவில்லை. சுரங்கத்தில் இறந்த கணவன் தௌரெனின் நாற்பதாம் நாள் துக்க விருந்து நேற்றுதான் முடிந்திருந்தது. தட்டுகள்கூடக் கழுவவில்லை. அதற்குள் சுரங்கக் கம்பெனி வக்கீல் லாரிஸா கோப்போடு வந்து உட்கார்ந்துவிட்டாள். தௌரெனின் பத்து வருடச் சம்பளத்தை நஷ்டஈடாகத் தருகிறார்களாம். கையுறை கிழிந்தால் மாற்றுக் கையுறைக்கு மூன்று மாதம் அலையவிடும் கம்பெனி, வீடு தேடி வந்து பணம் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"கேஸ் கசிஞ்சா மணி அடிக்கற கருவி மேல, வேலை நிக்கக் கூடாதுன்னு கோட்டைச் சுத்தி மூடினது உங்க வீட்டுக்காரர்தான். அதனாலதான் மணி அடிக்காம வெடிச்சிடுச்சு. இத ஒத்துக்கிட்டா அடுத்த வாரமே பணம் வந்துடும்."

"ஒத்துக்கலன்னா?"

"விசாரணை முடியற வரைக்கும் சுரங்கத்தை மூடணும். ஒரு மாசம் மூடினா ஆகுற நஷ்டத்துல செத்த ஏழு பேர் குடும்பத்துக்கும் இருபது வருஷச் சம்பளம் கொடுத்துடலாம்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று லாரிஸாவுக்கு உறைத்தது.

தௌரெனின் அண்ணன் குவாட் வீட்டில் மூத்தவருக்கு உரிய மேலிடத்தில் சாய்ந்திருந்தான். சுரங்கத்தில் அவன்தான் ஷிப்ட் மேஸ்திரி. வெடித்த நேரம் அவன் மேலே வந்திருந்தான். மனைவி விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது.

"செத்தவன் வந்து கோவிச்சுக்கவா போறான்?" என்றான். "உனக்கும் குழந்தைக்கும் இனிமே நான் இருக்கேன்ல?"

"வருஷம் திரும்பட்டும், இவனுக்கே கட்டி வச்சிடறேன்," என்றாள் ரைஹான். "செத்தவன் பொண்டாட்டிய கூடப் பொறந்தவன் கட்டிக்கறது நம்ம வழக்கம்தானே? பணமும் வீட்டை விட்டுப் போகாது."

வழக்கமாம்! மூத்த மகன் குடித்துச் செத்தபோது, அவன் மனைவியை இரண்டு மூட்டையோடு பஸ் ஏற்றி விட்டவள்தான் இந்த ரைஹான். அப்போதும் குவாட் ஒண்டிக்கட்டைதான். அந்த மருமகளுக்கு நஷ்டஈடு இல்லை, அதனால் வழக்கமும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மைரா தாள்களைப் புரட்டினாள். ஒரு படம் இருந்தது. பாதி கருகிய பஞ்சுக் கோட்டு. அதன் முழங்கையில் நீலப் பூப்போட்ட ஒட்டுத்துணி.

அந்த ஒட்டைப் போட்டது அவள்தான். அடுக்களைத் திரையில் ஒரு மூலையை வெட்டிப் போன இலையுதிர் காலத்தில் தைத்துக் கொடுத்திருந்தாள். விபத்துக்குப் பிறகு குவாட் ஏன் புதுக் கோட்டில் திரிகிறான் என்பது இப்போதுதான் புரிந்தது.

"இது அவரோட கோட்டு இல்ல."

"பின்ன யாரோடது?" என்றாள் லாரிஸா.

"பெரியவரோடது."

கணவன் வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. பதினொரு வருடமாகக் குவாட் அவளுக்குப் பெரியவர்தான். லாரிஸா ருஷ்யக்காரிதான், ஆனாலும் இதே ஊரான கரகண்டாவிலேயே பிறந்தவள். அவளுக்கும் இது தெரியும்.

"பெரியவர்னு ஊர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. பேர் இல்லாம நான் எதையும் எழுத முடியாதே," என்று நிம்மதியாகச் சொன்னாள். குவாட்டும் மூச்சை விட்டுச் சர்க்கரைக் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான்.

"குவாட்," என்றாள் மைரா.

பிறகு லாரிஸாவின் பக்கம் திரும்பினாள்.

"குவாட் செரிக்பாயேவ். இதோ உக்காந்திருக்காரே, இவருதான். நீங்க எழுத மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். எழுதறவங்ககிட்ட நானே போறேன்."

படமிருந்த தாளை உருவினாள். அடுக்களைக்குப் போய்த் திரையைக் கழற்றி, மகளின் பள்ளிப் பைக்குள் திணித்தாள். வெட்டுப்பட்ட மூலை வெளியே தொங்கியது. குவாட்டின் வாயில் சர்க்கரை கரைந்தபடி இருந்தது.

ரைஹான் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! புருஷனோட அண்ணன் பேர வாயால சொல்லிட்டியே! வெளியாளுக்கு முன்னாடி இந்த வீட்டு மானத்தையே வாங்கிட்டியே!"

அவள் பெற்ற பிள்ளையும் அந்த ஏழு பேரில் ஒருவன். கோட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.