திரைக்குப் பின்பக்கம்

ஜப்பான்காரன் சயாம் காட்டில் போடும் ரயில் பாதை வேலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் முனியாண்டி பெயரும் ஏறிவிட்டது என்று தெரிந்த அன்று அவனுடைய அண்ணன் அய்யாவு அழவில்லை, சினிமாவை நினைத்தார்.

மலாயாவில் செமிலிங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் சினிமா பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரை வருசத்துக்கு இரண்டு படம் போடுவார். பந்துத் திடலின் நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்பக்கம் நாற்காலியில் துரையும் கணக்கெழுதும் கிராணிமார் குடும்பங்களும். பின்பக்கம் புல்தரையில் லயத்துக் கூலி ஜனம். துணி ஒன்றுதான், படமும் ஒன்றுதான், கொசு மட்டும் பின்பக்கம் அதிகம். ஒரு படத்தில் பெய்த மழையில் அய்யாவுக்குச் சளி பிடித்து இரண்டு நாள் பாலுக்கு மரம் வெட்டப் போகவில்லை. இதற்குச் சாட்சிகூட உண்டு.

“சினிமா ஆளை வாயால சொல்லாது தம்பி. முதல்ல காலைக் காட்டும். சப்பாத்து வந்தா பெரிய மனுசன், வெறுங்கால் வந்தா நம்மாளு. நிமிந்து நின்னா மொதலாளி, குனிஞ்சா கூலி. முக்கியமா, பெரியவனுங்க எல்லாத்தையும் எடது கையாலதான் செய்வானுங்க. குடிக்கிறது, கையெழுத்து, சலாம், எல்லாம்.”

“கூலியா வந்தவனும் எடது கையாலதானே அண்ணே சாப்பிட்டான்?”

“அவன் கூலியா நடிக்கிற பணக்காரன்டா. பழக்கம் போகுமா?”

முனியாண்டி தன் இடது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

புதன்கிழமை ஜப்பான் அதிகாரி நேரில் வந்து ஆள் பார்ப்பதாகச் சேதி. கிராணி தரத்து ஆளாகத் தெரிந்தால் பட்டியலில் இருந்தாலும் விட்டுவிடுவானாம். துரை ஓடியபோது பங்களாவில் போட்டுவிட்டுப் போன சப்பாத்தை அய்யாவு கொண்டுவந்தார். அதற்குள் முனியாண்டியின் கால் போய், பக்கத்தில் அரைப்படி அரிசி வைக்க இடமிருந்தது. அரிசிதான் இல்லை. மூன்று நாள் இடது கையால் மரவள்ளிக்கிழங்கு தின்று பழகினான். அவன் மனைவி காளியம்மா தட்டை நகர்த்திவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோழிகள்கூட அவன் போட்ட தீனியை யோசித்துத்தான் கொத்தின.

புதன்கிழமை விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் இடுப்பு ஒடியக் குனிந்தார்கள். முனியாண்டி நிமிர்ந்து நின்று இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்.

அதிகாரி நின்றான். முதலில் சப்பாத்தைப் பார்த்தான், பிறகு மெல்ல மேலே பார்த்தான். அச்சு அசல் சினிமா மாதிரியே என்று அய்யாவு பூரித்த அந்த நொடியில் அறை விழுந்தது. ஒரு சப்பாத்து கழன்று ஸ்டோர் கூரைக்குப் போனது.

“ஏன்டா, பீச்சக்கையாலயா சலாம் வைப்ப? கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டான்டா,” என்று கிராணி சின்னையா பல்லைக் கடித்தார்.

“படத்துல பெரியவங்க அப்படித்தானேங்க ஐயா வைப்பாங்க?” என்றார் அய்யாவு.

சின்னையாவுக்கு விசயம் புரிந்தது. சிரிப்பு வந்தது, அதிகாரி நின்றதால் இருமினார்.

“துணிக்குப் பின்னால உக்காந்து பாத்தா வலது எடதாத்தான்டா தெரியும். எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கே தெரியுமே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க ஐயா.”

“நீங்க யாரும் கேக்கலையே.”

அடுத்த மாசம் போகவேண்டியவன் அன்றைக்கே போகும்படி ஆயிற்று. அய்யாவு மண்ணில் விழுந்து, தம்பிக்குப் பதிலாகத் தன்னைக் கொண்டுபோகச் சொன்னார். அதிகாரி அவருடைய வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான், கையை அசைத்து விலக்கினான். கிழடு, வேலைக்கு ஆகாது.

லாரியில் முனியாண்டிக்கு உட்கார இடமில்லை. உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“அண்ணே, படத்துல இப்படிப் போற தம்பி திரும்பி வருவானா?”

அய்யாவு லாரிப் பலகையைப் பிடித்தபடி கூடவே ஓடினார். எந்தப் படத்துக்கும் முடிவு சொல்லத் தெரிந்தவர்.

“அந்தப் படத்த நான் பாக்கலடா தம்பி.”

லாரி வேகம் எடுத்தது. பலகை கைநழுவிப் போனது.