குடும்ப அட்டையில் ஒரு அண்ணன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை, கையேடாகத்தான் பிறந்தது. 1985-ல் கொடைக்கானல் பஜாரில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மனு அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பேர் மரியசெல்வம். சிலோனிலிருந்து வந்து மலையில் கூலி வேலை பார்க்கும் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் செல்வமேரி டீச்சர் ஒருநாள் வந்து, "ஆபீஸ்ல பேசுற வார்த்தை ஒண்ணுகூட அந்த ஜனங்களுக்குப் புரியல சார். வார்த்தைக்கு ஒரு வரி அர்த்தம் எழுதிக் குடுங்க, சிம்ப்பிளா" என்றார்.

சிம்ப்பிளாம்! அர்த்தம் புரியாததால்தான் அவர்கள் அதுவரை நிம்மதியாக இருந்தார்கள் என்று எனக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை.

2

கையேட்டில் நான் எழுதியதில் கொஞ்சம்:

தாயகம் திரும்பியோர் — பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஊருக்குத் 'திரும்பி' வந்தவர்.

அகதி — அதே கடலை, அதே பக்கத்திலிருந்து, பத்து வருஷம் பிந்திக் கடந்தவர். முகாமில்தான் இருக்க வேண்டும்.

நாடற்றவர் — ரெண்டு சர்க்காரும் "அவன் உங்க ஆளு" என்று கைகாட்டிய ஆள்.

சட்டவிரோதமாக நுழைந்தவர் — அக்கரையில் 'கள்ளத்தோணி' என்று திட்டுவார்கள். நாம் நாகரிகமானவர்கள், நீளமாகத் திட்டுகிறோம்.

டீச்சர் படித்துவிட்டு, "கிண்டல் வேண்டாம் சார்" என்றார். (கிண்டலே பண்ணவில்லை. ஆபீஸ் சுற்றறிக்கையில் இருந்ததைத்தான் சுருக்கினேன்.)

3

இனி கதை. முதல் தொடக்கம்: "பனி மூடிய கவுஞ்சி மலைச்சரிவில், வள்ளி என்னும் பேதைப்பெண் கண்ணீர் மல்க—"

சீச்சீ. அடித்துவிட்டேன். வள்ளி பேதையும் இல்லை, அன்றைக்குக் கண்ணீரும் இல்லை. கவுஞ்சியில் உருளைக்கிழங்கு தோண்டும் முப்பது வயதுப் பொம்பளை, நகக்கண்ணில் மண்ணோடு நேராகக் கடைக்குள் வந்தாள். கையில் என் கையேடு.

"இத எழுதுன ஆளு நீங்கதானுங்களா?"

"ஆமா. புரியுதா?"

"நல்லாப் புரியுதுங்க. அதான் ஓடி வந்தேன். இதுல எங்க வீட்டுக்காரரு எந்த வார்த்தைங்க?"

4

விஷயம் இதுதான். 1973-ல் வள்ளியின் அப்பா இராமலிங்கத்துக்கு இந்தியா போக அனுமதி வந்தது. பயண அனுமதிக்கான குடும்ப அட்டையில் மூன்று பேர்: அவர், மகன் காத்தமுத்து, மகள் வள்ளி. மனு போட்டு, பதில் வர எட்டு வருஷம். பதில் வருவதற்குள் காத்தமுத்து காய்ச்சலில் போய்விட்டான். அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தான்.

இராமலிங்கத்தின் தங்கை மகன் ஆண்டிச்சாமி. வள்ளிக்கு முறைமாப்பிள்ளை. அவன் மனுவை ரெண்டு நாடும் தள்ளிவிட்டன. விட்டுவிட்டா வர முடியும்? கூட்டிக்கொண்டு வந்தார்கள், காத்தமுத்துவாக. கப்பலில் ஏறும்போது அவன் வள்ளிக்கு அண்ணன். அடுத்த வருஷம் பழனி அடிவாரத்தில் தாலி கட்டும்போது அத்தை மகன்.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: "தங்கச்சியையா கட்டினாய்" என்று முகம் சுளிக்கும் வாசகர் தயவுசெய்து முந்தின பத்தியை இன்னொரு தரம் படிக்கவும். பின்னால் வரப்போகும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., அப்படித்தான் அவசரப்பட்டார்.

"அட்டை கப்பலுக்குத்தானே, முறை நமக்குத்தானேன்னு நெனச்சோம்" என்றாள் வள்ளி. பதினோரு வருஷம் அப்படியேதான் ஓடியது. அப்புறம் சர்க்கார், தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வீடு தருவதாக அறிவித்துத் தொலைத்தது. விசாரணைக்கு வந்த ஆர்.ஐ. அட்டையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், ரெண்டு பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஏம்மா, அட்டையில அண்ணன் தங்கச்சின்னு இருக்கு. இதுக யார் புள்ளைங்க?"

வள்ளி தன் பேரைக்கூடச் சொல்லாமல் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் விளக்கம் தர வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. அவள் என்னிடம் வந்தது வியாழக்கிழமை.

5

கதாசிரியன் என்ற முறையில் எனக்கு ரெண்டு முடிவு தோன்றியது.

முடிவு அ: உண்மையைச் சொல்வது. பத்திரிகைக் கதைகளில் உண்மை சொன்னால் தாசில்தார் கண்கலங்கி எழுந்து நிற்பார். எங்கள் தாசில்தார் போலீசுக்குப் போன் போடுவார். ஆண்டிச்சாமி 'சட்டவிரோதமாக நுழைந்தவர்' ஆவான். திருப்பி அனுப்புவார்கள். அங்கே அப்போது தோட்டக் கூலிகளின் வீடுகள் லயன்லயனாக எரிந்துகொண்டிருந்தன.

முடிவு ஆ: ஆண்டிச்சாமி இராமேஸ்வரம் போய், புதிதாகப் படகில் வருபவர்களோடு நின்று, இன்றைக்குத்தான் வந்தேன் என்று சொல்வது. அகதி ஆகிவிடலாம். ஆனால் முகாமைவிட்டு வர முடியாது. பெண்டாட்டி பிள்ளை மலையில், அவன் கடற்கரையில்.

ரெண்டையும் வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்தாளனுக்குரிய கர்வத்தோடு என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"நல்லாத்தான் கெடக்கு" என்றாள். "நான் ஒண்ணு சொல்றேன், அடிங்க. வள்ளி செத்துப்போயிட்டா."

டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"என்ன பாக்குறீங்க? அவரு காத்தமுத்தாவே இருக்கட்டும். தங்கச்சி செத்துட்டா. அவரு உள்ளூர்ப் பொண்ணு ஒண்ணைக் கட்டிக்கிட்டாரு. அது நானு."

"எந்த வருஷம் செத்தீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியே போட்ருங்க."

"நோவு?"

"காய்ச்சல். அண்ணனுக்கும் அதுதான்."

"புதுப் பொண்ணு பேரு?"

"பொன்னுத்தாய். ஊரு அட்டுவம்பட்டின்னு போடுங்க."

"அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?"

"பாக்காத ஊருக்குத் திரும்பி வந்தவதானேங்க நானு. நீங்களே எழுதியிருக்கீங்க."

என் கதாபாத்திரம் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சொன்னபடியே அடித்தேன்.

6

இறப்பு வாக்குமூலத்துக்குப் பெற்றவர் கைநாட்டு வேண்டும். இராமலிங்கத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. செத்த மகனுக்கு உயிர் கொடுத்துக் கடல் தாண்டிக் கூட்டிவந்த மனுஷன். (இவரைத் தந்திரக்காரராக எழுதலாம் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். அது இப்போது அடுப்பில்.) மதியம் வந்தார். பெருவிரலில் மை தடவிவிட்டேன். விரல் காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"வைங்க பெரியவரே. அன்னைக்கு வச்சீங்கல்ல?"

"அன்னைக்குச் செத்த பயல உசுரோட இருக்கான்னு சொன்னேனுங்க. அது ஆசைங்க. மனசு ஒப்புச்சு. கண்ணு முன்னால நிக்கிற புள்ளையச் செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?" அழுதுவிட்டார்.

வள்ளி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா, நான் இங்கனதான நிக்கிறேன். வெரசா வைங்க. அவர அனுப்பிட்டாங்கன்னா நெசமாவே செத்துப்போவேன்."

அவளே அழுத்தினாள். ரேகை கொஞ்சம் இழுபட்டுத்தான் விழுந்தது.

7

இப்போது காகிதத்தில் ஒரு குறைதான். வள்ளி இறந்ததைத் தெரிந்த ரெண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று நான், போட்டுவிட்டேன். செல்வமேரி டீச்சர், "பொய்ச்சாட்சிக்கு நான் ஆளில்ல சார், என் மனசாட்சி ஒத்துக்காது" என்று கையேட்டுப் பிரதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஜாரில் கேட்ட நாலு பேருக்கும் திடீரென்று சோலி வந்துவிட்டது.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து அடுத்த வீட்டு ரகசியத்தை எல்லாம் கேட்டாகிவிட்டது. உங்களைத் தவிர விவரம் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை.

கையெழுத்துப் போட்டால் பொய்ச்சாட்சி. போடாவிட்டால் நாளைக்குக் காலையில் ஆண்டிச்சாமியைக் கூட்டிக்கொண்டு போவார்கள், நீங்கள் நேர்மையானவராகவே வீட்டுக்குப் போகலாம். நான் முடிவு எழுதப்போவதில்லை. தாலுகா ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும்.

உங்களிடம் பேனா இல்லையென்றாலும் பரவாயில்லை. இறந்துபோனதாகச் சொல்லப்படும் அந்தப் பெண் என் பேனாவை எடுத்து, எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, உங்களிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.